365 பொன்மொழி போட்டாச்சு, அதில் ஒன்றையாவது செய்து பார்த்தோமா?

தாள்கிழிப்பவன் | திங்கள், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் உண்டு என்றாலும் சோறு போடுவது டெய்லி காலண்டர்தான். அச்சு சிவகாசியில். தாளில் என்ன வர வேண்டும் என்கிற மேட்டர் மட்டும் என்னிடமிருந்து போகும். திதி, நட்சத்திரம், ராகு காலம், ராசிபலன் எல்லாம் ஜோசியர் கொடுத்துவிடுவார். தாளின் அடியில் ஒரு வரி ஓடுமே, அந்தப் பொன்மொழி என் பொறுப்பு. ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போட்டுவிடுவார்கள். அதனால் வைகாசியிலும் ஆனியிலும் உட்கார்ந்து புத்தரில் ஆரம்பித்து அப்துல் கலாம் வரை எல்லோரையும் பிழிந்துகொண்டிருப்பேன். பதினாறு வருடமாக இதே வேலை. கணக்குப் போட்டால் ஐயாயிரத்துக்கு மேல் வருகிறது.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் கடைசி நேரத்தில் ஒரு வரி குறைந்தது. இருந்த தூக்கக் கலக்கத்தில் நானே ஒன்றை எழுதி, 'அறிஞர் வாக்கு' என்று போட்டு அனுப்பிவிட்டேன். மூன்று வருடம் கழித்து அது எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் தாடி வைத்த சாக்ரடீஸ் படத்தோடு வந்து சேர்ந்தது. சித்தப்பா கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார். சாக்ரடீஸ் ஒரு வரிகூட எழுதி வைக்காமல் போனவர். அதனால் அவர் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாகிவிட்டது. திருத்திய புரூஃபுக்குப் பதிலாகப் பழையதையே பையன் அனுப்பியிருக்கிறான். பொண்ணு வீட்டுக்காரர் கடையில் நிற்கும்போதே அவனைக் கண்டபடி பேசிவிட்டேன். அவனுக்கு வயது பத்தொன்பது. பதில் பேசவில்லை. மறுநாள் வழக்கம்போல வந்து கடையைத் திறந்து, முந்தைய நாள் தாளைக் கிழித்தான். சாயங்காலம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்தத் தாள் கிடந்தது. பின்பக்கம் அவன் கையெழுத்தில் 'டீ 11, பால் 2'. திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் 'தன்னைத்தான் காக்கின் சினங்காக்க'. நான் தேர்ந்தெடுத்த குறள். நான் கத்திய அதே தேதி.

அன்றிலிருந்து ஒரு கேள்வி உறுத்துகிறது. ஏதாவது ஒரு பெரியவருடைய வாழ்க்கையோ எழுத்தோ உங்கள் நடத்தையில் ஒரு பழக்கத்தையாவது மாற்றியிருக்கிறதா? பொன்மொழி வேண்டாம், என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. என்ன செய்தீர்கள், எத்தனை நாள் தாக்குப்பிடித்தது, அதைச் சொல்லுங்கள்.


செல்லூர்த்தறி | திங்கள், இரவு 11.15

அண்ணாச்சி, நான் எட்டாவதோடு நின்றவன். பெரியவர்கள் எழுதியதைப் படித்து நான் எதையும் மாற்றிக்கொண்டதில்லை. எங்க அப்பா கைத்தறி நெய்தார். பாவில் இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போட மாட்டார். எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் உட்காருவார். கோபத்தோடு போட்ட முடிச்சு தறி அச்சில் சிக்கும் என்பார். அது நிஜமா என்று தெரியாது, ஆனால் நானும் அப்படித்தான் எழுந்து போகிறேன். நாற்பது வருடமாகிறது.

நீங்கள் சொல்லும் பெரியவர்கள் எல்லாம் சிலையாக நிற்கிறார்கள். சிலைக்கு மாலை போடலாம், கூண்டு போடலாம். அதனிடம் போய் என்னத்தைக் கேட்பது?


ஓய்வுபெற்றசாக்பீஸ் | செவ்வாய், காலை 6.20

செல்லூர்க்காரர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் ஒரு கதை சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் வரலாறு நடத்தியவள், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

மேலமாசி வீதியில் கதர்க்கடை இருக்கும் அந்த வீட்டு மாடிக்கு ஒவ்வொரு வருடமும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அங்கேதான் உடையை மாற்றினார். காலண்டரில் இது வரும், பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கும் வரும். ஏழை விவசாயியைப் பார்த்தார், மனம் உருகினார், அந்த நிமிடமே துறந்தார் என்று நானே பல வருடம் நடத்தியிருக்கிறேன். பிறகு அவர் எழுதியதை எடுத்துப் படித்தபோதுதான் நான் நடத்தியது சினிமா என்று புரிந்தது.

நடந்தது இப்படி. சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வருகிறார். பெட்டியில் இருந்தவர்கள் அந்நியத் துணி உடுத்தியிருக்கிறார்கள். கதர் உடுத்துங்கள் என்று பேசிப் பார்க்கிறார். 'கதர் வாங்க எங்களிடம் காசு இல்லை, விலை அதிகம்' என்கிறார்கள். அவருக்குச் சுருக்கென்றிருக்கிறது. ஏனென்றால் அப்போது அவர் தொப்பி, சட்டை, முழு வேட்டி எல்லாம் போட்டிருக்கிறார். இந்த யோசனை அவருக்குப் புதிதும் இல்லை. வங்காளத்தில் பாரிசாலில் இருந்தபோது ஒரு தடவை தோன்றியிருக்கிறது, தள்ளிப்போட்டார். அதே செப்டம்பரில், கூடப் பயணம் வந்த மௌலானா முகமது அலியை விசாகப்பட்டினம் வால்டேரில் கைது செய்தபோது மறுபடி தோன்றியது, அப்போதும் செய்யவில்லை. மூன்றாவது முறை மதுரையில் செய்தார்.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர் அறிவித்த விதம். 'அக்டோபர் 31 வரைக்குமாவது' என்றுதான் சொன்னார். ஐந்தாறு வாரம்! ஆயுள் முழுக்க என்று சபதம் எதுவும் போடவில்லை. கூட இருப்பவர்களும் படிப்பவர்களும் தன்னைப் பார்த்து வேட்டியைக் குறைக்க வேண்டாம் என்றும் சேர்த்தே எழுதினார். அந்த ஐந்து வாரம் 1931-ல் லண்டன் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜைப் பார்க்கப் போனபோதும் முடியவில்லை, 1948 ஜனவரியில்தான் முடிந்தது.

இரண்டு தடவை தள்ளிப்போட்டு, மூன்றாவது தடவை தேதி குறித்துக்கொண்டு ஆரம்பித்தவரிடம் எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது, செல்லூர்க்காரரே. அவரை எடுத்து ஒரு நொடியில் உருகிய சிலையாக நிறுத்தியது நாங்கள்தான், வாத்தியார்கள்.


ராத்திரிபஸ் | செவ்வாய், பிற்பகல் 1.05

டீச்சர், கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நான் எதிர்க்கட்சி.

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், வெள்ளி ராத்திரி பஸ் பிடித்து மாட்டுத்தாவணி வந்து இறங்கும் கூட்டத்தில் ஒருவன். எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் இப்போது ரோமாபுரி ஞானம் பிடித்திருக்கிறது. போன வருடம் ஒரு கூட்டத்தில் மேலதிகாரி ஸ்லைடு போட்டார். ரோமாபுரிச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸ் படம், 'நம் கையில் இல்லாததைப் பற்றிக் கவலைப்படாதே' என்ற மாதிரி ஒரு வரி. அடுத்த ஸ்லைடு, எங்கள் குழுவில் பாதிப்பேருக்கு அந்த மாதத்தோடு வேலை இல்லை. இப்படித்தான் எனக்குத் தத்துவம் அறிமுகமானது.

அப்புறம், இந்தப் பெரியவர்கள் எழுதியபடி நடந்தார்களா? பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று ஐரோப்பாவுக்கே பாடம் எடுத்த ரூசோ, தனக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளையும் அநாதை விடுதியில் விட்டார். எளிமையாக வாழச் சொல்லிக் கடிதம் கடிதமாக எழுதிய செனெகா, நீரோவுக்கு வாத்தியார், ரோமிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர். காந்தியையும் விட முடியாது. சீமைக்குப் போய்ச் சட்டம் படிக்க ஆசைப்பட்ட மூத்த மகன் ஹரிலாலை அவர் அனுப்பவில்லை. அந்த மகன் கடைசிவரை என்ன பாடுபட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். வாழ்க்கையிலிருந்து பாடம் என்றால் இதையும் சேர்த்துத்தானே படிக்க வேண்டும்?


மட்டுறுத்துநர் | செவ்வாய், பிற்பகல் 2.30

காந்தி பெயர் வந்ததும் கிளம்பிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய் நன்றாகப் போடுங்கள்.


கல்லுப்பட்டிச்செக்கு | செவ்வாய், இரவு 9.10

நான் தே.கல்லுப்பட்டிக்காரன். மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறேன். எங்கள் ஊரைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் ரோட்டில் போனால் எங்கள் ஊர் காந்தி நிகேதன் ஆசிரமம். ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் இங்கேதான் வந்து இருந்தார். தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் ஆடிட்டர் படிப்பு, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். பம்பாயில் கோட்டு சூட்டோடு தணிக்கைத் தொழில் செய்துகொண்டிருந்தவர்.

1929-ல் காந்தியைப் பார்க்க சபர்மதிக்குப் போகிறார். பட்டு சூட்டு, கையில் பிரம்பு. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டார். மரத்தடியில் சாணி மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருக்கிறார். குமரப்பா அதற்கு முன் ராட்டையைப் பார்த்ததே இல்லை. பிரம்பை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார். ஐந்து நிமிடம் போன பிறகு கிழவர் நிமிர்ந்து, நீங்கள்தான் குமரப்பாவா என்று கேட்டபோதுதான் இவர்தான் காந்தி என்று தெரிகிறது. அந்தப் பட்டு சூட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். யாரோ நாற்காலி கொண்டு வந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். நான் இந்தக் காட்சியைப் பலதடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சூட்டு கசங்கியிருக்கும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். அவர் பொருளாதாரத்தைத் தேனீயை வைத்துச் சொல்வார். தேனீ பூவில் தேன் எடுக்கும்போது பூவுக்கும் காய்ப்பிடிக்க உதவிவிட்டுப் போகிறது, ஒட்டுண்ணி மரத்தையே கொன்றுவிடுகிறது, உன் தொழில் இதில் எது என்று கேட்பார். நான் செக்குப் போட்ட புதிதில் வெளியூரிலிருந்து விலை குறைவாக எள் இறக்கினேன். எங்கள் ஊர்க்காரர்கள் என் கடைக்கு எண்ணெய் வாங்க வருவார்கள், அவர்கள் எள்ளை விற்க வேறு இடம் போவார்கள். ஒருநாள் ஒரு பெரியம்மா, 'ஏம்ப்பா, எங்க எள்ளு உனக்குக் கசக்குதா' என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரி தேனீ ஞாபகம் வந்தது. இப்போது கிடைக்கிறவரை சுற்றுவட்டார எள்தான். லிட்டருக்கு விலை கூட வைக்க வேண்டியிருக்கிறது. சில வாடிக்கையாளர் போய்விட்டார்கள். இது ஆறாவது வருடம், எத்தனை வருடம் ஓடும் என்று சொல்ல முடியாது. முழுக்கவும் தேனீ ஆகவில்லை, பாட்டில் இன்னும் பிளாஸ்டிக்தான்.

ஒரு தகவல். குமரப்பா இறந்தது 1960 ஜனவரி 30. காந்தி இறந்த அதே தேதி. தாள்கிழிப்பவருக்கு ஜனவரி 30 தாளில் ஒரு பெயர் போடத்தான் இடம் இருக்கும், தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.


செல்லூர்த்தறி | செவ்வாய், இரவு 9.40

கல்லுப்பட்டியாரே, உங்களை மாற்றியது குமரப்பாவா, அந்தப் பெரியம்மாவா?


கல்லுப்பட்டிச்செக்கு | செவ்வாய், இரவு 9.48

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெரியம்மா கேட்காவிட்டால் தேனீ புத்தகத்திலேயே இருந்திருக்கும். தேனீயைப் படிக்காமல் இருந்திருந்தால் பெரியம்மா கேட்டதை 'கிழவிக்கு வாய் அதிகம்' என்று நினைத்திருப்பேன்.


ஓய்வுபெற்றசாக்பீஸ் | புதன், காலை 5.50

ராத்திரிபஸ் தம்பிக்கு. ஹரிலால் விஷயத்தில் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. என் சொந்தக் கருத்து, ஒரு அப்பாவாக அவர் தோற்றார். அதைப் பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது என்று ஆசிரியர் அறையில் என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. நான் சொல்லித்தான் நடத்தினேன். ஒரு பையன் எழுந்து, 'எங்க அப்பாவும் ஊருக்கு நல்லவர் டீச்சர்' என்றான். அன்று வகுப்பில் அதற்கு மேல் பாடம் ஓடவில்லை.

ஆனால் தம்பி, தோற்ற இடம் இருக்கிறது என்பதால் மற்ற இடமும் பொய்யாகிவிடுமா? 1934-ல் காந்தி மதுரைக்கு வந்தார், மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போகவில்லை. ஒடுக்கப்பட்டவர்களை விடாத கோயிலுக்குள் நானும் வரமாட்டேன் என்பதுதான் காரணம். 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். மேலூர் தும்பைப்பட்டி கக்கனும் அந்தக் குழுவில் இருந்தவர், பின்னாளில் மந்திரியானவர். அதன்பிறகு 1946-ல் வந்தபோதுதான் காந்தி கோயிலுக்குள் போனார். மதுரைவரை வந்தவர் உள்ளே போகப் பன்னிரண்டு வருடம்.

நீங்கள் கேட்ட புத்தக விஷயத்துக்கும் ஒன்று. 1904-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் ரஸ்கின் எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தை நண்பர் போலக் காந்தி கையில் திணிக்கிறார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் படிக்கிறார். விடியும்போது அதன்படி வாழ முடிவு செய்துவிட்டார், அந்த வருடமே ஃபீனிக்ஸ் பண்ணை வந்தது. (இரண்டு பெரிய முடிவும் ரயிலில்தான் ஆரம்பித்திருக்கிறது. இப்போது நாம் ரயிலில் ஏறினால் செல்போனைச் சார்ஜில் போட இடம் தேடுகிறோம்.) ரஸ்கின் யார்? ஒயின் வியாபாரியின் ஒரே மகன், கலை விமர்சகர், ஒருநாளும் ஏர் பிடித்தவர் இல்லை. காந்தி அதைப் பார்க்கவில்லை. என் மனதில் ஆழத்தில் இருந்ததுதான் அந்தப் புத்தகத்தில் தெரிந்தது என்று எழுதினார். இருந்ததுதான் தெரிந்தது, கவனியுங்கள். உள்ளே ஒன்றும் இல்லாதவன் கையில் அதே புத்தகம் தலையணைக்கு உயரம் கூட்டத்தான் ஆகும்.


தெப்பக்குளம்_தையல் | புதன், இரவு 8.25

எல்லோரும் ஆண்பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள், நானும் ஒரு ஆண்பிள்ளையைப் பற்றித்தான் பேசப் போகிறேன், மன்னிக்கவும்.

எனக்கு ஆறு வருடமாக முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது. பிளவுஸ் தைப்பதுதான் தொழில். என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர் வெங்கடசாமிக்கும் இதே வியாதிதான், விரல் எல்லாம் கோணிப்போயிருந்தது, அந்தக் கையால் ஒரு லட்சத்துக்கு மேல் ஆபரேஷன் செய்தார், நீ ஊக்கு வைக்க முடியாது என்கிறாயே! கேட்டுக் கேட்டு அவர்மேலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பெரிய மனிதரை இப்படித்தான் கம்பாக எடுத்து அடிக்கிறார்கள்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு அங்கே போயிருந்தோம். காத்திருக்கும் நேரத்தில் அவரைப் பற்றி எழுதியிருந்ததை உட்கார்ந்து படித்தேன். அவர் முதலில் ஆசைப்பட்டது பிரசவம் பார்க்கும் டாக்டராக. ஊரில் சொந்தக்காரப் பெண்கள் பிரசவத்தில் செத்ததைப் பார்த்து வந்த ஆசை. ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது வியாதி வந்து படுத்த படுக்கையானார். எழுந்த பிறகு, இந்தக் கைக்கு அந்த வேலை சரிப்படாது என்று கண் பக்கம் திரும்பினார். நுணுக்கமாகக் கத்தி பிடிக்க விரலைப் பழக்கினார். 1976-ல் ரிட்டையர் ஆன பிறகு, 58 வயதில், 11 படுக்கையோடு மதுரையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்.

எனக்குச் சொன்ன கதையில் இந்தப் 'பக்கம் திரும்பினார்' மட்டும் இல்லை! அவர் ஒன்றை விட்டிருக்கிறார். விட்ட பிறகுதான் இன்னொன்றைப் பிடித்திருக்கிறார். நான் வீட்டுக்கு வந்து பிளவுஸ் வேலையை விட்டேன். ஊக்கு, பட்டன், கைத்தையல் இல்லாத வேலையாகப் பார்த்து எடுத்தேன். திரைச்சீலை, தலையணை உறை, பள்ளிக்கூடப் பை. எல்லாம் நேர்த் தையல், மிஷின் ஓடினால் போதும். வருமானம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு, ராத்திரி வலியும் குறைவு. இரண்டு வருடம் ஆகிறது.

அவர் அரவிந்தரைத் தினமும் படிப்பாராம், ஆஸ்பத்திரிக்குப் பெயரே அதனால்தான். அதே மனிதர் மெக்டொனால்ட்ஸ் கடைக்காரனையும் பார்த்து, எங்கே போனாலும் ஒரே தரம், ஒரே முறை, குறைந்த விலை, இதைக் கண்ணுக்கும் செய்யலாமே என்று யோசித்தவர். யாரிடம் கற்றுக்கொள்வது என்பதில் அவருக்குக் கௌரவம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.


ராத்திரிபஸ் | வியாழன், இரவு 11.55

அக்கா, உங்கள் பதிவை பஸ்ஸில் இரண்டு தடவை படித்தேன். ஓசூர் தாண்டியாச்சு.

கட்சி மாறவில்லை, ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேலதிகாரி ஸ்லைடு போட்ட ஆத்திரத்தில் அந்த மார்க்கஸ் அரேலியஸ் புத்தகத்தை வாங்கினேன், திட்டுவதற்காகத்தான். முதல் பகுதியைப் பிரித்தால் தத்துவமே இல்லை. முழுக்க நன்றிப் பட்டியல். தாத்தாவிடமிருந்து இது, அம்மாவிடமிருந்து இது, வளர்த்தவரிடமிருந்து இது, வாத்தியாரிடமிருந்து இது என்று ஒவ்வொருவராக எழுதிக்கொண்டே போகிறார். ரோமாபுரிச் சக்கரவர்த்தி! தாத்தாவின் நல்ல சுபாவத்தில்தான் ஆரம்பிக்கிறார். யாரும் படிப்பதற்காக எழுதியதும் இல்லை. டான்யூப் நதிப் பக்கம் போர்முனையில் இருந்தபோது தனக்குத்தானே எழுதிக்கொண்ட நோட்டு. தன்னை அதட்டிக்கொள்ள எழுதியதை எடுத்து எங்களை அதட்டியிருக்கிறார் எங்கள் மேலதிகாரி.

செல்லூர் அண்ணன் சொம்புத் தண்ணீர் பற்றிச் சொன்னது அந்தப் பட்டியலில் ஒரு வரியாக அப்படியே உட்காரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. அவ்வளவு எழுதியவருக்குப் பிறந்த மகன் கொமோடஸ், ரோமின் மோசமான அரசர்களில் ஒருவன்.


ஓய்வுபெற்றசாக்பீஸ் | வெள்ளி, காலை 6.05

தம்பி, ஊர் வந்து சேர்ந்திருப்பீர்கள்.

நம் பக்கத்திலேயே ஒருவர் இதையெல்லாம் இரண்டு வரியில் முடித்துவிட்டார். சிவகங்கை மாவட்டத்தில் மகிபாலன்பட்டி என்று ஒரு ஊர், அதுதான் பழைய பூங்குன்றம் என்பார்கள். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டு. 'யாதும் ஊரே' என்ற முதல் வரி தெரியாத ஆளில்லை. அந்தப் பாட்டு முடியும் இடம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.' பெரியவர்களைக் கண்டு வாய்பிளப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. நடுவில் ஆற்று வெள்ளத்தில் போகும் மரத்தெப்பத்தைச் சொல்வார். உயிர் அதுபோலத் தன் வழியில் போகிறது, அதைக் கண்டு தெளிந்ததால் இப்படி என்கிறார்.

'அதனினும்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக நான் ஒரு பாடவேளை முழுக்க எடுத்துக்கொள்வேன். சிலபஸ் முடியாது, தலைமையாசிரியர் முறைப்பார்.


செல்லூர்த்தறி | வெள்ளி, காலை 7.30

இவ்வளவு நல்ல வரியைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தால் யார் படிப்பார்கள்? முதல் வரியாகப் போட்டிருக்கலாம். பாவில் நல்ல நூலை முதலில்தான் ஓட்டுவோம்.


தாள்கிழிப்பவன் | வெள்ளி, இரவு 10.20

எல்லோருக்கும் பதில் எழுத வேண்டும், வேலை அமுக்குகிறது. டீச்சர் சொன்ன 'அக்டோபர் 31 வரைக்குமாவது' என்னைப் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் 'இனிமேல் கோபப்பட மாட்டேன்' என்றுதான் முடிவெடுப்பேன், மூன்றாம் நாள் போய்விடும். இந்தத் தடவை ஆடிப்பெருக்கு வரைக்கும் மட்டும். அதுவும் கோபமே படமாட்டேன் என்றில்லை, வாடிக்கையாளர் முன்னால் பையன்களைப் பேசமாட்டேன், அவ்வளவுதான். தவறினால் அன்றைய தாளின் பின்பக்கம் ஒரு கோடு போட்டுக்கொள்வேன்.


தாள்கிழிப்பவன் | ஆடி 19, காலை 11.00

இழை கீழே போய்விட்டது, தேடி எடுத்தேன்.

நாற்பத்து மூன்று நாளில் ஆறு கோடு. அதில் மூன்று ஒரே வாரத்தில், பேப்பர் விலை ஏறிய வாரம். செல்லூர் அண்ணன் வைத்தியம் இரண்டு தடவை கைகொடுத்தது. கடைக்குள் குடம் பின்னால் இருக்கிறது, நடந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பாதி வேகம் போய்விடுகிறது. சொம்பு இல்லை, பிளாஸ்டிக் டம்ளர்.

கோடு போட்ட தாள்களை ரப்பர்பேண்ட் போட்டு மேஜைக்குள் வைத்திருந்தேன். அந்தப் பையன் ரசீது தேடும்போது எடுத்துவிட்டான். 'என்னண்ணே, ஆறு டீ யாருக்கு பாக்கி?' என்று கேட்டான். நான் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. முகூர்த்த நேரம் தப்பான அன்றைக்கு வேறு ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது, அது இன்னும் வாயில் வரவில்லை.

அடுத்த வருட மேட்டர் போய்விட்டது. செப்டம்பர் 22 தாளில் பொன்மொழி போடவில்லை. '1921, மதுரை மேலமாசி வீதி. காந்தி உடையை மாற்றினார். அக்டோபர் 31 வரை என்று எண்ணியே தொடங்கினார்' என்று மட்டும் போட்டேன். ஜனவரி 30-ல் எழுத்தைச் சின்னதாக்கிக் குமரப்பாவையும் சேர்த்துவிட்டேன், கல்லுப்பட்டியார் பார்த்துக்கொள்ளவும். பூங்குன்றனார் கடைசி வரி ஜனவரி 1, அண்ணன் சொன்னபடி முதல் தாள். சிவகாசியிலிருந்து புரூஃப் பார்ப்பவர் போன் செய்தார். 'அண்ணாச்சி, செப்டம்பர் 22-க்குப் பொன்மொழி விட்டுப்போச்சு, செய்திதான் வந்திருக்கு' என்றார். அது அப்படியே இருக்கட்டும் என்றேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'யார் சொன்னதுன்னாவது போடட்டுமா?' என்றார்.


ராத்திரிபஸ் | ஆடி 19, காலை 11.20

அண்ணே, தேதி நேற்றோடு முடிந்துவிட்டதே. இனி என்ன கணக்கு?


செல்லூர்த்தறி | ஆடி 19, காலை 11.32

அதை விடு தம்பி. அண்ணாச்சி, நம்ம தறிக்கூடத்துக்கு ரெண்டு காலண்டர் எடுத்து வையுங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும், விளம்பரம் வேண்டாம்.


தாள்கிழிப்பவன் | ஆடி 19, காலை 11.41

வைக்கிறேன் அண்ணே.

தம்பி, தேதி முடிந்ததுதான். இன்று காலையும் அவன்தான் தாளைக் கிழித்து மேஜையில் வைத்தான். ஆடிப்பெருக்கில்லையா, நேற்றைய தாளைச் சொல்கிறேன், பின்பக்கம் டீக்கணக்கு மட்டும்தான். இன்றைய தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை, கல்யாணப் பத்திரிகைக்காரர் ஒருவர் வேறு படியேறி வந்துகொண்டிருக்கிறார்.